சிஎச்341ஏ புரோகிராமர் கிட்: பிரிக் ஆன ரௌட்டரை மீட்க இதை வாங்கலாமா?

ரௌட்டரை இயக்கும் உள்மென்பொருளான ஃபர்ம்வேரை ஏற்றும்போது மின்சாரம் போனதாலோ, தவறான கோப்பை ஏற்றியதாலோ, ‘பிரிக்’ ஆகி, அதாவது விளக்கு மட்டும் எரிந்துகொண்டு வேறு எதற்கும் அசையாமல் செங்கல்போலக் கிடக்கும் ரௌட்டரை வைத்திருப்பவர்கள் தீர்வு தேடிக் கடைசியில் வந்து சேருமிடம் பெரும்பாலும் இந்தக் கறுப்பு நிறச் சிறு பலகையாகத்தான் இருக்கிறது. சீனாவின் நான்ஜிங் நகரைச் சேர்ந்த டபிள்யூசிஎச் நிறுவனத்தின் சிஎச்341ஏ என்னும் யூஎஸ்பி சிப்பை வைத்து, பெயர் தெரியாத பல பட்டறைகள் செய்து விற்கும் புரோகிராமர் இது, அதாவது ரௌட்டரின் மென்பொருள் பதிந்திருக்கும் ஃபிளாஷ் என்னும் நினைவகச் சிப்பை நேரடியாகப் படிக்கவும் எழுதவும் உதவும் கருவி. பலகை, எட்டுக் கால் சிப்பைக் கவ்விப் பிடிக்கும் கிளிப், அதற்கான பட்டை ஒயர், 1.8 வோல்ட் அடாப்டர், சிப்பைப் பற்றவைத்துச் செருகுவதற்கான சிறு துண்டுப் பலகைகள் ஆகியவை ஒரே பொட்டலமாக வருகின்றன. சென்னை ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் எல்லாம் சேர்ந்து சில நூறு ரூபாயில் முடிந்துவிடுகிறது. என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பலகை கொடுத்த காசுக்கு வஞ்சகம் செய்யவில்லை, ஆனால் அதன் மின்னழுத்தத்தில் உள்ள குறைபாடு பொருட்படுத்த வேண்டிய ஒன்று, கிளிப் மோசம், இதை வாங்க நினைப்பவர்களில் பலருக்கு இது தேவையே இல்லை.

தேவையில்லை என்று நான் சொல்வதற்குக் காரணம் ரௌட்டரின் உள்ளமைப்பில் இருக்கிறது. மின்சாரம் கொடுத்தவுடன் முதலில் ஓடுவது பூட்லோடர் என்னும் சிறு நிரல். ஃபர்ம்வேரைத் தேடி எடுத்து நினைவகத்தில் ஏற்றி இயக்குவது அதன் வேலை. வழக்கமான புதுப்பிப்பு ஃபர்ம்வேர் இருக்கும் பகுதியை அழித்து எழுதுமே தவிர, பூட்லோடர் இருக்கும் பகுதியை அநேகமாகத் தொடுவதில்லை. எனவே பாதியில் மின்சாரம் போனாலும், பெரும்பாலான ரௌட்டர்களில் பூட்லோடர் உயிரோடுதான் இருக்கும், அது உதவிக்குக் காத்துக்கொண்டும் இருக்கும். டிபி-லிங்க்கின் ஆர்ச்சர் சி7, டபிள்யூஆர்841என் போன்றவற்றில் கணினியின் ஐபி முகவரியை 192.168.0.66 என்று நிலையாக வைத்து, டிஎஃப்டிபி என்னும் எளிய கோப்புப் பரிமாற்ற முறைக்கான சர்வர் ஒன்றை ஓடவிட்டு, அந்த மாடலுக்கும் பதிப்புக்கும் உரிய ‘ரெக்கவரி’ பெயரில் ஃபர்ம்வேர் கோப்பை அதில் போட்டு, ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி ரௌட்டரை ஆன் செய்தால் போதும், பூட்லோடர் தானே வந்து கோப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஏசுஸ் ரௌட்டர்களில் பவர் விளக்கு மெதுவாகக் கண்சிமிட்டும் மீட்பு நிலை உண்டு. அதற்கென்று அந்நிறுவனமே ஒரு மென்பொருளைத் தருகிறது. ஜிஎல்-ஐநெட் இன்னும் எளிது: மீட்பு நிலைக்குப் போனதும் பிரௌசரில் 192.168.1.1 என்று அடித்தால், கோப்பை ஏற்றும் பக்கமே திறந்துவிடும்.

டிஎஃப்டிபி முயற்சி தோற்றது என்று சொல்பவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, கணினிக்கும் ரௌட்டருக்கும் நடுவே ஒரு ஸ்விட்ச் வைத்தீர்களா என்பதுதான். ரௌட்டர் ஆன் ஆகும் கணத்தில் அதன் லேன் போர்ட் இணைப்பு ஒருமுறை அறுந்து திரும்ப வருகிறது. கணினியின் நெட்வொர்க் கார்டு அதை உணர்ந்து ஐபி முகவரியைத் திரும்பப் பெறுவதற்குள் பூட்லோடர் கேட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடும். நடுவில் சாதாரண ஐந்து போர்ட் ஸ்விட்ச் ஒன்று இருந்தால் கணினியின் பக்கம் இணைப்பு அறுவதே இல்லை. அடுத்தது ஃபயர்வால். டிஎஃப்டிபி யூடிபி 69ஆம் போர்ட்டில் நடக்கிறது, விண்டோஸ் அதை ஓசையில்லாமல் தடுத்துவிடும். நெட்வொர்க்கில் போய்வரும் தரவைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு ரௌட்டரை ஆன் செய்து, ‘192.168.0.66 யாரிடம் உள்ளது’ என்று கேட்கும் ஏஆர்பி பாக்கெட் ஒன்று வருகிறதா என்று பாருங்கள். அது வந்தால் பூட்லோடர் நலமாக இருக்கிறது, இந்த கிட்டை வாங்கும் செலவு மிச்சம்.

அந்தப் பாக்கெட்டும் வரவில்லை என்றால்கூட, இடையில் சீரியல் கன்சோல் என்ற ஒரு படி இருக்கிறது. சிபி2102 போன்ற யூஎஸ்பி-டிடிஎல் பலகை ஒன்றை 3.3 வோல்ட் நிலையில் வைத்து, கிரவுண்ட், அனுப்பும் கால், வாங்கும் கால் ஆகிய மூன்றை மட்டும் ரௌட்டரின் பலகையில் உள்ள புள்ளிகளோடு இணைத்து, பெரும்பாலான ரௌட்டர்களுக்கு 115200 என்ற வேகத்தில் டெர்மினலைத் திறந்தால், பூட்லோடர் பேசுவதை அப்படியே படிக்கலாம். மின்சாரக் காலை இணைக்கவே கூடாது. ரௌட்டருக்கு அதன் சொந்த அடாப்டரே போதும். திரையில் ஒரு வரியாவது வந்தால் கிட் தேவையில்லை. அனுப்பும் காலையும் வாங்கும் காலையும் மாற்றிப் பார்த்த பிறகும், வேகத்தை மாற்றிப் பார்த்த பிறகும் ஒன்றுமே வரவில்லை என்றால், அப்போதுதான் சிஎச்341ஏவின் முறை வருகிறது.

நான் இதைப் பயன்படுத்திய இடமும் அப்படிப்பட்டதுதான். உறவினர் ஒருவரின் ஆர்ச்சர் சி7 ரௌட்டர், இரண்டாம் பதிப்பு, 16 எம்பி ஃபிளாஷ் கொண்டது. அவர் கணினி தெரிந்தவர். சீரியல் கன்சோலில் உட்கார்ந்து, ஃபர்ம்வேர் பகுதியை அழிக்கும் கட்டளையைத் தாமே அடித்திருக்கிறார். எங்கிருந்து அழிக்க வேண்டும் என்று அந்தக் கட்டளையில் கொடுக்கும் எட்டு இலக்க முகவரியில் நான்காம் இலக்கம் 2 ஆக இருக்க வேண்டும். அவர் அதை 0 என்று அடித்ததால் அழிப்பு 128 கேபி முன்னால், அதாவது பூட்லோடரின் தலையிலிருந்தே தொடங்கிவிட்டது. அவ்வளவுக்குப் பிறகும் காரியம் கெட்டுவிடவில்லை. பூட்லோடர் அந்நேரம் ரேமிலிருந்து ஓடிக்கொண்டிருந்ததால், ரௌட்டரை அணைக்காமல் இருந்திருந்தால் அதே கன்சோலிலேயே அழிந்ததைத் திரும்ப எழுதியிருக்கலாம். பதற்றத்தில் அவர் அணைத்துவிட்டார். அதன் பிறகு பவர் விளக்கைத் தவிர அதில் எந்த அசைவும் இல்லை.

இனி கிட்டுக்கு வருவோம். பலகையின் குறையைப் பற்றிப் பலரும் பேசுகிறார்கள், பேச வேண்டியதுதான். பரவலாகக் கிடைக்கும் கறுப்புப் பலகையில் ஃபிளாஷ் சிப்புக்கான மின்சாரக் கால், மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர் வழியாக 3.3 வோல்ட் பெறுகிறது, ஆனால் சிஎச்341ஏ சிப் 5 வோல்ட்டில் ஓடுவதால், அதிலிருந்து போகும் தரவு, கடிகாரம், தேர்வு ஆகிய கோடுகள் 5 வோல்ட்டிலேயே இருக்கின்றன. வின்பாண்ட் 25கியூ128எஃப்வி சிப்பின் தரவுத்தாள் எந்தக் காலிலும் மின்சாரக் காலைவிட 0.4 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. 3.3 வோல்ட்டில் ஓடும் சிப்புக்கு 3.7தான் எல்லை. மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கிரவுண்டிலும் மறுமுனையைத் தேர்வுக் காலிலும் வைத்துப் பார்த்தால், உங்கள் கைக்கு வந்த பலகை எந்த ரகம் என்று உடனே தெரிந்துவிடும். என்னிடம் வந்தது 5 வோல்ட் ரகம். பல சிப்கள் இதைத் தாங்கிக்கொள்கின்றன என்பது உண்மை. ஆனால் கிளிப் போட்டுப் படிக்கும்போது அந்த 5 வோல்ட் ஃபிளாஷோடு நிற்காமல், அதே கோடுகளில் இணைந்திருக்கும் ரௌட்டரின் பிராசசருக்கும் போகிறது. ஃபிளாஷ் சிப் கெட்டால் குறைந்த செலவில் வேறு வாங்கிப் போடலாம், பிராசசர் போனால் ரௌட்டரே போயிற்று.

தீர்வு உண்டு. சிஎச்341ஏ சிப்பின் 28ஆம் காலைப் பற்றவைப்பிலிருந்து மெல்ல உயர்த்தி, அதை 5 வோல்ட்டிலிருந்து பிரித்து, மெல்லிய ஒயரால் ரெகுலேட்டரின் 3.3 வோல்ட் வெளியீட்டோடும் சிப்பின் 9ஆம் காலோடும் இணைக்க வேண்டும். நுண்முனை கொண்ட சால்டரிங் அயர்னும் நிதானமான கையும் உள்ளவர்களுக்கு இது சிறிய வேலைதான். அந்தக் கை இல்லாதவர்கள் மின்னழுத்தத்தைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்ச் உள்ள பலகையைக் கேட்டு வாங்குவதே நல்லது. விலை வேறுபாடு பெரிதல்ல. கிட்டில் வரும் 1.8 வோல்ட் அடாப்டர் இந்தக் குறையைத் தீர்ப்பதற்கு வந்தது என்று சிலர் தவறாக நினைத்துக்கொள்கிறார்கள். அது 1.8 வோல்ட் ஃபிளாஷ் சிப்களுக்கானது, அவை லேப்டாப் பலகைகளில் வரும். வீட்டு ரௌட்டருக்கு அது அநேகமாகப் பொட்டலத்திலேயே கிடக்கும்.

கிளிப்பைப் பற்றி மட்டும் எனக்குச் சமாதானம் இல்லை. ஃபிளாஷ் சிப்பின் இரு பக்கக் கால்களிலும் எட்டு உலோக நாக்குகள் ஒரே நேரத்தில் பட வேண்டும். அவற்றில் ஒன்று சற்றே விலகியிருந்தாலும் மென்பொருள் சிப்பே இல்லை என்று சொல்லிவிடும், அதைவிட மோசமாக, சிப்பைக் கண்டுகொண்டு தவறான பைட்டுகளைப் படித்துத் தரும். இந்த கிட்டின் கிளிப்பில் நாக்குகள் பிளாஸ்டிக் உடலுக்குள் மேலும் கீழுமாக ஆடுகின்றன. சிப்பின் மேல் வைத்து அழுத்தும்போது ஓரிரு நாக்குகள் மேலே ஏறிக்கொள்கின்றன. ஸ்பிரிங்கின் இழுவை போதாததால், கையை எடுத்தவுடன் கிளிப் பூனை நழுவுவது போலச் சத்தமில்லாமல் ஒரு பக்கம் சரிகிறது. அருகில் ஒரு கெபாசிட்டர் சற்று உயரமாக நின்றாலும் முடிந்தது கதை. கால்களின் மேல் பற்றவைப்பின்போது படிந்த ஃபிளக்ஸ் பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பிரஷ்ஷால் துடைத்து, நாக்குகளைப் பின்புறமிருந்து ஒவ்வொன்றாகக் கீழே தள்ளி, பட்டை ஒயரின் எடை கிளிப்பை இழுக்காதபடி அதை மேசையோடு டேப்பால் ஒட்டி, படித்து முடிக்கும்வரை கட்டை விரலால் மேலிருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்க நிறுவனமான பொமோனாவின் 5250 என்னும் கிளிப்பில் இந்தத் தொல்லைகள் இல்லை. அதன் விலை இந்த முழு கிட்டைப் போலப் பல மடங்கு. அடிக்கடி இந்த வேலை செய்பவருக்கு அந்தச் செலவு நியாயமானது. ஒரே ஒரு ரௌட்டருக்காக வாங்குபவர் கிளிப்போடு மல்லுக்கட்டித்தான் ஆக வேண்டும்.

சிப்பின் ஒரு மூலையில் உள்ள சிறு புள்ளி முதல் காலைக் காட்டுகிறது, பட்டை ஒயரின் சிவப்பு இழை அந்தக் காலுக்கு வர வேண்டும். பலகையின் சாக்கெட்டில் 24 என்று எண் தொடங்கும் வரிசைச் சிப்புக்கும் 25 என்று தொடங்கும் வரிசைச் சிப்புக்கும் தனித்தனி இடம் உண்டு. ரௌட்டரில் இருப்பது 25 வரிசை. ரௌட்டரின் அடாப்டரைக் கழற்றிவிட்டுத்தான் கிளிப் போட வேண்டும். கிளிப் வழியாகப் போகும் 3.3 வோல்ட் ஃபிளாஷுக்கு மட்டுமல்லாமல் ரௌட்டரின் பலகை முழுவதற்கும் பரவுவதால், சில ரௌட்டர்களில் யூஎஸ்பி தரும் மின்சாரம் போதாமல் போகிறது. வேறு சிலவற்றில் பிராசசர் அரைத்தூக்கத்தில் எழுந்து தானும் ஃபிளாஷைப் படிக்கத் தொடங்கி, நம் வாசிப்பைக் குழப்புகிறது. எத்தனை முறை கிளிப்பை மாற்றிப் போட்டாலும் ஒவ்வொரு வாசிப்பும் வேறுவேறாக வந்தால் அதுதான் காரணம். அப்போது சூடான காற்றை ஊதும் ஹாட் ஏர் கருவியை வைத்துச் சிப்பைக் கழற்றி, துண்டுப் பலகையில் பற்றவைத்துப் படிப்பதைத் தவிர நல்ல வழி இல்லை. மலிவான அந்தத் துண்டுப் பலகைகள் அந்த நேரத்தில்தான் கிட்டின் மிக உருப்படியான பொருளாகின்றன.

மென்பொருளைப் பொறுத்தவரை, விற்பவர் அனுப்பும் ஏதோ ஓர் இணைப்பிலிருந்து இறக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். லினக்ஸில் ஃபிளாஷ்ரோம் என்னும் கட்டற்ற மென்பொருள் இந்தப் பலகையை அறிந்திருக்கிறது. தனியாக டிரைவர் தேவையில்லை. முதலில் அது சிப்பின் அடையாள எண்ணைக் கேட்கிறது. 25கியூ128 சிப்பானால் அந்த எண் வின்பாண்டுக்கும் 16 எம்பிக்கும் உரியதாக வர வேண்டும். எல்லா பிட்டுகளும் 1 ஆகவோ 0 ஆகவோ வந்தால் அது கிளிப் படவில்லை என்பதற்கான அடையாளம், சிப் செத்துவிட்டது என்பதற்கு அல்ல. அடையாளம் சரியாக வந்த பிறகு முழு ஃபிளாஷையும் இரண்டு முறை தனித்தனிக் கோப்புகளாகப் படித்து, அவற்றின் ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்ணை, ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாத வரை எழுதும் கட்டளையின் பக்கமே போகக் கூடாது. 16 எம்பியைப் படிக்கவே இந்தப் பலகை பல நிமிடங்கள் எடுத்துக்கொள்கிறது. அழித்து எழுதிச் சரிபார்க்க இன்னும் கூடுதலாகும். வேகத்தை எதிர்பார்த்து இதை வாங்க வேண்டாம்.

உறவினரின் ரௌட்டரிலிருந்து எடுத்த நகலை, கோப்பைப் பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தபோது, நடந்தது அப்படியே கண்முன் தெரிந்தது. அழிக்கப்பட்ட ஃபிளாஷில் எல்லா பிட்டுகளும் 1 ஆகிவிடும்; கோப்பின் தொடக்கத்திலிருந்து பக்கம் பக்கமாக அதே வெறுமைதான். ஆனால் கடைசி 192 கேபி அப்படியே இருந்தது. ஃபர்ம்வேர் பகுதியின் நீளத்தைச் சரியாகக் கொடுத்து, தொடக்கத்தை மட்டும் 128 கேபி முன்னால் வைத்ததால், அழிப்பும் 128 கேபி முன்னாலேயே நின்றுவிட்டிருக்கிறது. அந்தக் கடைசிப் பகுதியில் உள்ள 64 கேபிதான் ஏஆர்டி என்பது. ஒவ்வொரு ரௌட்டருக்கும் தொழிற்சாலையில் தனியாக அளந்து எழுதப்படும் வைஃபை அளவீடுகள் அதில் இருக்கின்றன. பூட்லோடரை எங்கிருந்தும் கொண்டுவரலாம், ஃபர்ம்வேர் நிறுவனத்தின் தளத்தில் கிடக்கிறது. ஏஆர்டி அந்த ஒரு சிப்பைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. இன்னொரு ரௌட்டரின் ஏஆர்டியைப் போட்டால் வைஃபை எழுந்திருக்கும், ஆனால் அளவீடு வேறொரு வன்பொருளுடையதாக இருக்கும்.

பூட்லோடரை எடுத்தது நிறுவனத்தின் சொந்த ஃபர்ம்வேர் கோப்பிலிருந்தே. டிபி-லிங்க் அந்தத் தலைமுறையில் வெளியிட்ட கோப்புகளில் பெயரில் ‘பூட்’ என்று இருப்பவற்றின் முதல் 512 பைட் தலைப்பு, அதையடுத்த 128 கேபி பூட்லோடர். அதை வெட்டியெடுத்து நகலின் தொடக்கத்தில் வைத்தேன். அந்த 128 கேபியின் கடைசி 1 கேபி தொடங்குமிடத்தில்தான் நெட்வொர்க்கில் ரௌட்டரை அடையாளம் காட்டும் மேக் முகவரி ஆறு பைட்டாக எழுதப்பட்டிருக்க வேண்டும். ரௌட்டரின் அடிப்பக்க ஸ்டிக்கரைப் பார்த்து அதையும் நிரப்பினேன். ஃபர்ம்வேர் பகுதியை வெறுமையாகவே விட்டுவிட்டேன். பூட்லோடர் எழுந்துவிட்டால் மீதியை டிஎஃப்டிபி பார்த்துக்கொள்ளும், அது இந்தக் கிளிப்பைவிட நம்பகமானது. எழுதிச் சரிபார்த்து, கிளிப்பை எடுத்து, அடாப்டரைப் போட்டதும் சீரியல் திரையில் பூட்லோடரின் முதல் வரிகள் வந்தன. ரீசெட் பொத்தானைப் பிடித்து மீண்டும் ஆன் செய்தபோது டபிள்யூபிஎஸ் விளக்கு எரிந்தது, ரௌட்டர் கோப்பைக் கேட்டது, வாங்கிக்கொண்டது.

இதே கிட்டை வைத்து எல்லா ரௌட்டரையும் மீட்டுவிடலாம் என்று நினைத்து வாங்குபவர்கள் ஏமாறுவார்கள். இப்போது வரும் வைஃபை 6 ரௌட்டர்கள் பலவற்றில் இதுவரை சொன்ன, எஸ்பிஐ என்னும் சில கோடுகள் வழியாகப் பேசும் நார் வகை ஃபிளாஷுக்குப் பதிலாக 128 எம்பி அளவில் நேண்ட் என்னும் வேறு வகை ஃபிளாஷ் இருக்கிறது. எஸ்பிஐ நேண்ட் சிப்களில் பல, கால்கள் வெளியே நீளாத தட்டை உறையில் வருவதால் கிளிப்புக்குப் பிடிமானமே கிடைக்காது. கழற்றிப் படித்தாலும் நேண்டில் பழுதான பிளாக்குகளும் பிழைதிருத்தப் பைட்டுகளும் உண்டு என்பதால், ஒரு ரௌட்டரின் நகலை இன்னொன்றில் அப்படியே எழுதுவது வேலைக்காகாது. எனவே வாங்குவதற்கு முன்பே ரௌட்டரைத் திறந்து, சிப்பின் மேல் உள்ள எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்தாவது படித்துவிடுங்கள். 25கியூ64, 25கியூ128 போன்ற எண்ணும் இருபுறம் நான்கு நான்கு கால்களும் இருந்தால் மட்டுமே இந்த கிட் உங்களுக்கு. அந்த எண் மெகாபிட் கணக்கு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். 64 என்றால் 8 எம்பி, 128 என்றால் 16 எம்பி.

ஃபைபர் இணைப்போடு சேவை நிறுவனம் கொடுத்த பெட்டியில் கிளிப் போடும் எண்ணத்தையே விட்டுவிடலாம். அது அவர்களுடைய சொத்து. அந்தப் பெட்டியின் வரிசை எண் அவர்கள் முனையில் பதிவாகியிருக்கிறது. பழுதானால் மாற்றிக் கொடுப்பது அவர்கள் பொறுப்பு.

கையில் ஏற்கெனவே ராஸ்பெரி பை என்னும் சிறு கணினி இருப்பவர்களுக்கு இந்தப் பலகை வீண் செலவு. அதன் எஸ்பிஐ கால்கள் இயல்பாகவே 3.3 வோல்ட்டில் ஓடுகின்றன, ஃபிளாஷ்ரோமும் அதை ஆதரிக்கிறது. கிளிப்பும் சில ஜம்பர் ஒயர்களும் (குறைந்தது ஆறு) வாங்கினால் போதும். மற்றவர்கள் மின்னழுத்தச் சுவிட்ச் உள்ள பலகையைத் தனியாகவும் கிளிப்பைத் தனியாகவும் வாங்குவது மேல். நேரில் கடைக்குப் போகிறவர்கள் கிளிப்பைக் கையில் வாங்கி, நாக்குகளை விரலால் தள்ளிப் பார்த்து, எட்டும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று கவனித்துவிட்டு எடுக்கலாம். ஒன்று பிடிக்கவில்லை என்றால் இன்னொன்றைக் கேளுங்கள், ஒரே பெட்டியிலேயே நல்லதும் கெட்டதும் கலந்துதான் கிடக்கும்.